சூரியனுக்குக் கம்பளி

காயில்காரம்மாவைக் கேலி செய்ய நினைப்பவர்கள் முதலில் தங்கள் வீட்டு மிக்ஸியும் மின்விசிறியும் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கெட்டுப்போனால் அவளிடம்தான் வந்து நிற்க வேண்டும். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பியைக் காயிலாகச் சுற்றி ஓட வைப்பது அவள் தொழில். காது அப்படி ஒரு காது. மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே, வாசலில் நின்றபடி, "பேரிங் போச்சு, கழட்டி எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிடுவாள். கோபமும் மூக்கின் மேலேயே இருக்கும். அவள் புருஷன் பெயிண்டரே முதல் சந்திப்பில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான். மோட்டார் மூடிக்கு அவர் அடித்த பெயிண்ட் சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். மறுபடி அடித்துக் கொண்டுவந்தவர் மூடியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றுகொண்டே இருந்தார்.

அந்தப் பெயிண்டர் இப்போது கட்டிலில் கிடக்கிறார். வண்டிகளுக்கு ஸ்பிரே அடித்து அடித்தே நுரையீரல் பாழாகிவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் குழாய் அவர் மூக்கில். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும், கரண்டோ நினைத்தால் வரும், நினைத்தால் போகும். போனால், அவசரத்துக்குச் சின்ன சிலிண்டர் ஒன்று இருக்கிறது. அதைச் சாவி போட்டுத் திறந்து குழாயை மாற்றிவிட வேண்டும். அவர் கைகள் நடுங்குவதால் அது அவரால் ஆகாத காரியம். காயில்காரம்மாதான் பட்டறையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள்.

ஒருநாள் அவள் வந்து சேர்வதற்குள் அவர் உதடு நீலம் பாரித்துவிட்டது. விஷயம் அவருடைய அக்கா காதுக்குப் போனது. பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர் அந்த அம்மாள். பெட்டியும் கையுமாக வந்து இறங்கினார். பெட்டி அவருக்கு இல்லை, தம்பியின் துணிகளை அடுக்கி எடுத்துப் போவதற்கு. தனக்கென்று அவர் கொண்டுவந்தது இரண்டு மாற்றுப் புடவையும், எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகும் தடித்த இரட்டைக் கம்பளியும்தான்.

"எங்க பக்கம் கரண்டே போறதில்லை. இவனை என்கூட அனுப்பிடு" என்றார்.

"வேணாம் அண்ணி. சோலார் போட்டுட்டு இருக்கேன். இனிமே கரண்ட் போனாலும் மெஷின் நிக்காது."

"யாரு வந்து போடறா?"

"நான்தான்."

சுவரேறிக் குதித்து மாட்டிக்கொண்ட விடுதிப் பெண்ணைப் பார்ப்பது போல வார்டன் அவளைப் பார்த்தார். "நாளன்னிக்கு ஏதோ பராமரிப்பு வேலையாம், பகல் பூரா கரண்ட் கிடையாதுன்னு சொல்லியிருக்காங்க. அன்னிக்கு உன் சோலார்ல ஓட்டிக் காட்டு. நடுவுல ஒரு தடவை நின்னாலும் நான் இவனைக் கூட்டிட்டுப் போயிடுவேன். சம்மதமா?"

"சம்மதம்" என்று சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் காயில்காரம்மா.

"என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்றார் பெயிண்டர்.

"நீ பேசாதே, மூச்சு வாங்கும்" என்றார் அக்கா. "பேசாதீங்க" என்றாள் மனைவி. அந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போனது.

அவர் போனால் திரும்பி வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அந்த உறுமல் இல்லாத வீட்டில் எப்படித் தூங்குவது என்பதுதான் தெரியவில்லை.

சோலாரை அவள் விளையாட்டாகச் செய்யவில்லை. இடித்த கட்டடம் ஒன்றிலிருந்து வந்த இரண்டு பெரிய பானல்களை மொட்டைமாடியில் சாய்வாக இரும்புச் சட்டத்தில் பொருத்தினாள். முதல் முறை வயரை மாற்றிக் கொடுத்து ஃபியூஸ் வெடித்தது. அப்புறம் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு மூலையில் விழுந்ததற்கே கரண்ட் பாதியாகிவிட, முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கழற்றி இடம் மாற்றினாள். மாடிப்படிக்கு அடியில் பழைய பேட்டரிகளும் இன்வெர்ட்டரும். பானலிலிருந்து பேட்டரிக்கு இறங்கும் வயரில் ஒரு ஸ்விட்ச் வேண்டும். அது மட்டும் பாக்கி.

அதற்கென்று தனி ஸ்விட்ச் உண்டு. கடையில் சொல்லி வைத்திருந்தாள், வந்து சேரவில்லை. பட்டறையில் கிடந்த பழைய மெயின் ஸ்விட்சை எடுத்து மாடிக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினாள். தெரியாமல் செய்தாள் என்று சொல்ல முடியாது. வீட்டுக் கரண்ட் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு தடவை விட்டு விட்டு வருவது. ஸ்விட்சைத் திறக்கும்போது பொறி கிளம்பினாலும் தானே அணைந்துவிடும். பானல் கரண்ட் விடாமல் வருவது. பொறி பிடித்தால் பிடித்ததுதான். வேறு யாராவது இப்படி மாட்டியிருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். ஆனால் நாத்தனார் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும்போது மூளை வேறு மாதிரி வேலை செய்கிறது. ஒரு நாளைக்குத்தானே, ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

அந்த நாள் மேகமூட்டமாக விடிந்தது. சொன்னபடி கரண்ட் போனது. மெஷின் ஒரு நொடிகூடத் தயங்காமல் ஓடியது. வார்டன் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பரீட்சை ஹாலில் கண்காணிப்பது போல மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் சட்டைகளைக் காலையிலேயே மடித்துப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. காயில்காரம்மா மாடிப்படிக்கும் கட்டிலுக்கும் நடையாய் நடந்தாள். வெயில் இல்லாததால் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

உச்சிப்பொழுதில் மேகம் சட்டென்று விலகி வெயில் கொட்டியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். வறண்டு கிடந்த பேட்டரிகள் வந்த கரண்டையெல்லாம் இழுத்தன. சற்று நேரத்தில் பிளாஸ்டிக் தீயும் வாடை மூக்கில் ஏறியது. மோட்டார் எரியும் வாடையோடு வாழ்க்கை நடத்துகிறவளுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டியதில்லை. மாடிக்குப் பாய்ந்தாள்.

ஸ்விட்சின் உடம்பு இளகிப் புகைந்துகொண்டிருந்தது. பட்டறைப் பழக்கத்தில் கை தானாகப் போய்ப் பிடியைக் கீழே இழுத்துவிட்டது. செய்யக்கூடாத காரியம். உள்ளே நீலமும் வெள்ளையுமாக ஒரு பொறி பற்றிக்கொண்டு, வெல்டிங் போலச் சீறியது, அணையவே இல்லை. பிடியை மேலே தள்ளப் பார்த்தாள், அது கழன்று கையோடு வந்துவிட்டது. மாடிக் கதவின் மரச்சட்டம் ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. சூரியனை நிறுத்த ஸ்விட்ச் கிடையாது.

"அண்ணி! கம்பளி! உங்க கம்பளியை எடுத்துட்டு ஓடி வாங்க!"

விடுதி நடத்தியவர் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பருத்த உடம்போடு மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"பானல் மேல போடுங்க. ரெண்டையும் மூடணும். வெளிச்சமே படக்கூடாது!"

கம்பளி விழுந்ததும் சீற்றம் அடங்கியது. ஆனால் காற்று ஓரத்தைத் தூக்க, பொறி மறுபடி துள்ளியது. வார்டன் அப்படியே குப்புற விழுந்து, கைகளை அகல விரித்துக் கம்பளியைச் சட்டத்தோடு அமுக்கினார்.

"விட்டுடாதீங்க அண்ணி. வயரைக் கையில பிடிக்கப் போறேன். வெயில் பட்டா என் கை போயிடும்."

"நீ வேலையைப் பாரு!"

கருகிய ஸ்விட்சைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்தாள். இரண்டு முனைகளின் தோலைச் சீவினாள். அப்போதுதான் கீழே படியடியிலிருந்து இன்வெர்ட்டர் கீச்சிடும் சத்தம் கேட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கீச்சொலி நீண்டு, நின்றது. அதன் பின்னால் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்த அந்த உறுமலும் நின்றது.

காயில்காரம்மா படிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். கீழே அவர் தனியாக இருக்கிறார். ஓடலாம். ஓடிச் சிலிண்டரைத் திறக்கலாம். ஆனால் அதற்குள் கம்பளி ஓரம் தூக்கினால் திறந்து கிடக்கும் வயர் மாடிக்கதவைக் கொளுத்திவிடும், அப்புறம் வீடே இல்லை. அண்ணியிடம் சொல்லலாம். சொன்னால் தம்பி என்று கம்பளியை விட்டுவிட்டு ஓடுவார். எந்த அக்காதான் ஓடமாட்டாள்? பல்லைக் கடித்துக்கொண்டு வாய் திறக்காமல் கம்பியை முறுக்கினாள். வாழ்க்கையில் எத்தனையோ மோட்டாருக்கு முறுக்கியிருக்கிறாள், இவ்வளவு வேகமாக முறுக்கியதில்லை. டேப்பைச் சுற்றினாள், இன்னொரு சுற்று, இன்னொன்று.

"எடுங்க!"

கம்பளி விலகியது. பானல்கள் வெயிலை வாங்கின. எதுவும் நடக்கவில்லை. பிறகு கீழே ஒரு சின்னக் கீச்சொலி, அதைத் தொடர்ந்து உறுமல். அவள் படிகளை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

பெயிண்டர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. உதட்டில் லேசான நீலம். பின்னாலேயே வந்த அக்கா வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "மெஷின்... நிக்கவே இல்லைக்கா. நான்... பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

குழாயின் மறுமுனை சிலிண்டரில் சொருகியிருந்தது. ஆகாத கைகளால் எப்படியோ திறந்திருக்கிறார். சாவியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார், போர்வைக்கு அடியில் மறைக்கப் பார்த்தார்.

 அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பழுதை மறைத்து ஒரு மோட்டாரையும் அவள் திருப்பிக் கொடுத்ததில்லை.

"நின்னுச்சு அண்ணி" என்றாள். "மாடியில இருக்கும்போதே கேட்டுச்சு. சொன்னா நீங்க விட்டுட்டு ஓடிடுவீங்கன்னு சொல்லலை. தப்பான ஸ்விட்சை மாட்டினதும் நான்தான். கூட்டிட்டுப் போங்க."

வார்டன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பானலின் சூட்டில் இரு உள்ளங்கைகளும் சிவந்திருந்தன. அவற்றைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் காது கேக்காதா?" என்றார். "காலையிலேர்ந்து அந்த ஒரு சத்தத்தைத்தானே கேட்டுட்டு உக்காந்திருக்கேன். நின்னது எனக்கும் கேட்டுச்சு."

காயில்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"விட்டா உன் கை போயிடும்னு சொன்னியே" என்றார் வார்டன். குரல் உடைந்தது. உடனே அதைச் சரி செய்துகொண்டு தம்பி பக்கம் திரும்பினார். "பொய் சொல்ற வயசா உனக்கு? சாவியைக் குடு."

அவர் கொடுத்தார். மனைவி குழாயை மெஷினுக்கு மாற்றினாள். வார்டன் எழுந்து பெட்டியைத் திறந்து, காலையில் அடுக்கிய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார். காலியான பெட்டியில் தன் புடவைகள் இரண்டையும் போட்டுக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினார்.

"சரியான ஸ்விட்ச் வந்து மாட்டற வரைக்கும் நான் நகர மாட்டேன்" என்றார். "அந்தக் கம்பளியை மடிச்சு மாடிப்படிகிட்டயே வை."