ரூபி சொன்ன ஆமென்

என்னோடு கூடி ஜெபிக்கிற சகோதர சகோதரிகளே, இதைச் சபைக்கு முன் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆனது. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அந்த ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, தண்ணீர்க் குடத்தைத் தூக்கிய நான் நிமிர முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதுகுத்தண்டில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். அசையாமல் படுத்திருக்க வேண்டும், இரண்டு மாதத்தில் சரியாகாவிட்டால் ஆபரேஷன் என்றார். இடது கால் மரத்துப்போயிருந்தது. புரண்டு படுக்கக்கூட இன்னொருவர் கை வேண்டும். கள்ளக்குறிச்சியில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவள் நான். இனி நடப்பேனா என்ற பயத்தில் நாள் முழுக்க அழுதேன். "ஆண்டவரே, என்னை எழுப்பும்" என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

என்னைப் புரட்டிப் படுக்கவைத்த கை ரூபியின் கை. ரூபி என் கணவரின் தங்கை. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே, உளுந்தூர்பேட்டை ரோட்டில் நடந்த லாரி விபத்தில் புருஷனைப் பறிகொடுத்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதினோரு வருஷம் எங்களோடு இருந்தாள். நாத்தனாரை இவ்வளவு பிரியமாக வைத்திருக்கிறாளே என்று சபையில் என்னைப் பாராட்டாதவர்கள் இல்லை. நானும் அதை நம்பினேன். காலையில் அவள் கட்டிக்கொடுத்த டிபனை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போவேன். சாயங்காலம் வந்தால் வீடு பெருக்கி, துணி மடித்து, டீ தயாராக இருக்கும். அவளுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

நான் விழுவதற்கு இருபது நாள் முன்பு, பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தார். ரூபி கடைக்குப் போயிருந்தாள்.

"வெள்ளிமலையிலருந்து மாசத்துக்கு ஒருதரம் ஆராதனைக்கு வருவாரே தானியேல், அவரு ரூபியக் கேக்கறாரும்மா. சம்சாரம் தவறி நாலு வருஷம் ஆவுது. ஒரு பொண்ணு இருக்குது. சாமை வெதைக்கறாரு. நல்ல மனுஷன். ரூபிகிட்ட கேட்டுச் சொல்றியா?"

நான் யோசிக்கவே இல்லை. "அவளுக்குக் கல்யாணத்துல இஷ்டமே இல்லக்கா. நான் எப்பவோ கேட்டுட்டேன்" என்றேன்.

கேட்டதே இல்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டை யார் பார்ப்பது என்ற ஒரே நினைப்பில் வந்த பொய் அது. அன்று ஜெபத்திலும், இந்தப் பேச்சு இதோடு நின்றுபோகட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

பிறகு படுக்கை. மலஜலம் எடுத்ததும் ரூபி, குளிப்பாட்டியதும் ரூபி. ஒரு மாதம் ஆகப்போகிற சமயம், ஒரு மத்தியானம் அவள் வெந்நீரில் துணியைப் பிழிந்து என் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபித்தேன். "ஆண்டவரே, ரூபிக்காக ஸ்தோத்திரம். இவளை எப்போதும் என்னோடயே வைத்திரும்."

"ஆமென்" என்றாள் ரூபி.

அந்த ஆமென் என்னை உலுக்கிவிட்டது. எதற்கு ஆமென் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவளைப் பிடித்துவைக்க ஆண்டவரையே துணைக்குக் கூப்பிட்டிருந்தேன். அன்பு என்று இத்தனை வருஷம் நான் சொல்லிவந்தது, அவளுடைய உழைப்பை அனுபவித்ததைத்தான். இரண்டு நாள் ஜெபிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"எப்ப வந்து கேட்டாங்க அண்ணி?"

"ஒன்றர மாசம் ஆச்சி."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் இன்னா சொல்லுவன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எழுந்து போய்விட்டாள். அன்று சாப்பாடு நேரத்துக்கு வந்தது. வைத்த கையோடு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். மறுநாள் காலையில் வந்து நின்றாள். "உங்க மேல கோவமாத்தான் இருக்குது அண்ணி. பாஸ்டரம்மாவ வரச் சொல்லுங்க. நான் தானியேல்கிட்டப் பேசணும்."

பாஸ்டரம்மாவுக்குப் போன் போட்டு என் பொய்யை ஒப்புக்கொண்டேன். அப்போதுதான் அவர் இன்னொன்று சொன்னார். தானியேல் அந்த ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையத்தில் வேறொரு இடத்தில் பெண் பார்க்கப் போகிறாராம். போனில் அவரைப் பிடிக்க முடியவில்லை. மலையில் சிக்னல் இல்லை.

அன்றுதான் முதன்முதலாக ரூபிக்காக, ரூபிக்காக மட்டும், ஜெபித்தேன். என் முதுகு ஞாபகத்துக்கே வரவில்லை. "நான் அடைத்த கதவை நீர் திறந்துவிடும். அவள் போகட்டும்" என்று அழுதேன்.

சனிக்கிழமை இரவெல்லாம் மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து இரண்டு நாள் பஸ்ஸும் ஜீப்பும் ஓடவில்லை. தானியேல் பெண் பார்க்கப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் கீழே இறங்கியதும் பாஸ்டரம்மாவின் போன் கிடைத்தது. அன்று மத்தியானமே எங்கள் வாசலில் நின்றார். ரூபியும் அவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். தை மாதம் கல்யாணம். நான் இடுப்பில் பெல்ட் கட்டி, கோயிலில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஆபரேஷன் இல்லாமலே கால் உணர்வு திரும்பியது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ரூபி போன பிறகு வீடு திண்டாடியது உண்மை. என் கணவர் சோறு வடிக்கப் பழகினார். நானும் குனியாமல் வேலை செய்யப் பழகினேன். என்னை எழுப்பும் என்று கேட்டேன், எழுப்பினார். அதைவிட, ஒரு மனுஷியை மனுஷியாகப் பார்க்கும் கண்ணைக் கொடுத்ததற்காகவே அவருக்கு அதிகமாக நன்றி சொல்கிறேன்.

போன மாதம் வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். ரூபி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். தானியேலின் மகள் அவளை "அம்மா" என்று கூப்பிட்டாள். கிளம்பும்போது, "ஜெபம் பண்ணிட்டுப் போங்க அண்ணி" என்றாள் ரூபி.

"உனக்கு இன்னா வேணும்னு மொதல்ல நீ சொல்லு" என்றேன்.

சிரித்துவிட்டு, சொன்னாள். அதையே கேட்டு ஜெபித்தேன்.

அன்பானவர்களே, நமக்காக ஓடி ஓடி உழைக்கிற ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர் கையை விட்டால் நம் கதி என்ன ஆகும் என்று பயப்படாதீர்கள். ஆண்டவரை நம்பி அவரை விடுதலையாக்குங்கள். நம்மைத் தாங்க ஆண்டவருக்குத் தெரியும்.