குடும்பத்துக்கென்று வாங்கிய மீன்

ஒரு ஞாயிறன்று, தாராவியில் எங்கள் தெருவைச் சேர்ந்த நண்பர்கள் இருவருடன், மும்பை மரீன் டிரைவிலிருந்து கடலோரமாகவே நடந்து கொலாபா மீன்பிடித் துறைமுகத்தை அடைந்தேன். என்ன மீன் வாங்குவதென்று அவர்கள் தத்தம் வீட்டாரைப் போனில் கேட்டனர். என் மகன் என்னைத் தனியே விட்டுக் குடும்பத்துடன் புனேக்குக் குடிபெயர்ந்துவிட்டதை எவரிடமும் சொல்ல மானம் இடம் தரவில்லை. ஆகவே நானும் மருமகளிடம் பேசுவதுபோல் நடித்து, ஐவர் உண்ணத்தக்க வாவல் மீன் வாங்கினேன்.

நண்பர் முருகன் என் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒத்தையாளுக்கு எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு மீனு?"

திகைத்துப்போனேன். "ஒமக்கு யாருவே சொன்னா?"

"தாராவியில மறைக்கதுக்கு எடம் ஏது? நீங்களே வாய தொறந்து சொல்லுவியன்னுதான் இம்புட்டு தூரம் நடக்க வச்சோம்."

வழிநெடுகிலும் அவர்கள் என் இருபுறமும் நடந்து வந்திருந்தனர். நான்தான் தனியே நடந்து வந்திருக்கிறேன்.