முதல் நாற்காலிக்காரர்

அந்த முடிதிருத்தும் கடையில் நான்கு நாற்காலிகள். வாசலை ஒட்டி, தெருவைப் பார்த்த கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் இருப்பது முதல் நாற்காலி. அதில் வேலை செய்கிறவரைப் பார்த்துத்தான் தெருவில் போகிறவர்கள் உள்ளே வருவதா, நடையைக் கட்டுவதா என்று முடிவு செய்வார்கள். கடைசி நாற்காலி ஒரு தூணுக்குப் பின்னால், துண்டு துவைக்கும் இயந்திரத்தின் அருகே கிடக்கிறது. தலையில் முடி குறைந்துபோய், தெருவுக்குத் தன்னைக் காட்ட விரும்பாதவர்கள் அதைத்தான் கேட்டு வாங்கி உட்காருவார்கள்.

முதல் நாற்காலி கோடு மாஸ்டருடையது. கடை திறந்த நாளிலிருந்து அப்படித்தான். கிருதாவிலும் பிடரியிலும் அவர் கத்தி இழுத்தால் அளவுகோல் வைத்த மாதிரி இருக்கும். அதனால் வந்த பெயர். கடை முதலாளி அவருடைய மனைவியின் அண்ணன். கடையில் முதலாளி, வீட்டில் மச்சான். எந்த நேரத்தில் எது என்பதில்தான் இருவருக்கும் தீராத தகராறு.

மாஸ்டரின் தலை வேறு கதை. முப்பதைத் தாண்டியதும் நெற்றி மேலே ஏறத் தொடங்கியது. கொஞ்ச காலத்தில் உச்சியும் காலி. காதுக்கு மேலே ஒரு வளையம் மட்டும் விசுவாசமாக நின்றுகொண்டது. முடி வெட்டுகிறவருக்கே முடி இல்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா?

"மாஸ்டர், உங்களுக்கு யாரு வெட்டி விடுறது?"

"வெட்டினவன் ஓடிட்டான் சார். நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கொஞ்சமா வெட்டுங்க மாஸ்டர், உங்க கடுப்பை என் தலைல காட்டிடாதீங்க."

"அசையாம இருங்க. காது என் கையில இருக்கு."

இப்படி வாய்க்கு வாய் கொடுத்து அவர் சமாளித்துவிடுவார். கேலி அவரைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தது கண்ணாடி. அந்தக் கடையில் முன்சுவரிலும் பின்சுவரிலும் கண்ணாடி. முடி வெட்டி முடித்ததும், பின்னந்தலையைக் காட்ட ஒரு கைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துவிட்டு நிமிர்ந்தால், எதிர்க் கண்ணாடிக்குள் பின் கண்ணாடி, அதற்குள் இன்னொரு கண்ணாடி என்று அவருடைய சொட்டை வரிசை கட்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளரும் "அருமை" என்று தன் பிடரியைப் பார்த்துச் சொல்லும் நேரத்தில், மாஸ்டர் தன் உச்சந்தலையின் ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பல வருடம் பார்த்தார். ஒருநாள் போதும் என்று தோன்றியது.

"முடி நடப் போறேன்" என்று வீட்டில் சொன்னார்.

அவருடைய மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். குழந்தைகளைக் கத்தி அடக்கிப் பழகிய குரல். "இத்தனை வருஷமா இந்தத் தலையோடதானே குடும்பம் நடத்துறேன். நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

"நீ சொல்லல. உனக்கு வேன்ல பின்னாடி பாக்க ஒரு கண்ணாடி. நான் நாள் பூரா கண்ணாடிக்கு நடுவுலதான் நிக்கிறேன்."

அதற்கு மேல் மனைவி மறுக்கவில்லை. சிகிச்சை நாளன்று வேனுக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டு, தானும் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தார்.

அங்கே முதல் சண்டை மொட்டை அடிக்கும்போதே தொடங்கியது. நடுவதற்கு முன் தலையை ஒட்ட வழிக்க ஒருவர் வந்தார். "மெஷினை இப்படியா பிடிப்பாங்க? மணிக்கட்டைத் தளர்த்துங்க" என்று மாஸ்டர் பாடம் எடுத்தார். இரண்டாவது சண்டை டாக்டர் அம்மாவோடு. புது முடி எங்கே தொடங்க வேண்டும் என்று அவர் நெற்றியில் பேனாவால் கோடு போட்டுக் கண்ணாடியை நீட்டினார்.

"கோணலா இருக்கே, டாக்டர்."

"கோணலாத்தான் இருக்கணும். நேரா இருந்தா விக் மாட்டின மாதிரி தெரியும்."

"ஊர்ல எனக்குப் பேரே கோடு. என் நெத்தியிலேயே கோணலா?" என்று பேனாவை வாங்கித் தானே ஒரு கோடு போட்டுக்கொண்டார். நேரான, குறை சொல்ல முடியாத கோடு. டாக்டர் அம்மா பஞ்சை எடுத்து ஒரே துடையில் அதை அழித்துவிட்டுப் பழைய கோணலையே மறுபடி வரைந்தார்.

பின்னந்தலையிலிருந்து முடிகளை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் நட்டு முடித்ததும், நர்ஸ் வந்து உட்கார்ந்து வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லத் தொடங்கினார். சாய்ந்தபடியே தூங்க வேண்டும், ஹெல்மெட் கூடாது, குனியக் கூடாது. அதுவரை மாஸ்டர் பொறுத்தார். "அப்புறம் இந்த முடியைப் பத்தி..." என்று நர்ஸ் அடுத்ததற்குப் போனதும் எழுந்துவிட்டார்.

"சிஸ்டர், காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் முடியைத்தான் பாக்குறேன். அதைப் பத்தி எனக்கே பாடமா?"

வாசலில் போய் நின்றுகொண்டு "போலாமா, போலாமா" என்று மனைவியை அவசரப்படுத்தினார். மனைவி மட்டும் உட்கார்ந்து கடைசிவரை கேட்டுவிட்டு வந்தார்.

தூங்கும் விஷயத்தில் மாஸ்டருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. சொல்லப்பட்ட சாய்வு, முகச்சவரத்துக்கு நாற்காலியைச் சாய்க்கிற அதே சாய்வு. கடையிலிருந்து கழித்துப் போட்ட பழைய நாற்காலி ஒன்று வீட்டில் கிடந்தது. அதைக் கூடத்தில் போட்டு, கழுத்துக்குத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு தூங்கினார். தலைக்கு உப்புநீர் தெளிப்பது மனைவியின் வேலை. நெற்றி வீங்கி, வீக்கம் இறங்கி இறங்கிக் கண்ணை மூடியபோது மனைவி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பதான் எங்க அண்ணன் ஜாடை வந்திருக்கு."

வீக்கம் வடிந்து அவர் கடைக்குத் திரும்பியபோது தலையெல்லாம் சிவப்பும் பொருக்குமாக இருந்தது. முதல் நாற்காலியருகே தாடி நின்றிருந்தான். இரண்டாம் நாற்காலிக்காரன். தோள்வரை முடி, மார்புவரை தாடி. முதல் நாற்காலி மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

முதலாளி மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ளே, தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தலையோட முன்னாடி நின்னா வர்றவன் பயந்துடுவான். முடி வர்ற வரைக்கும் தூணுக்குப் பின்னாடி நில்லுங்க."

"சொட்டையா இருந்தப்ப முன்னாடி நிக்கலாம், இப்ப கூடாதா?"

"சொட்டை பழகிப்போச்சு மாப்ளே. இது பாக்க ஒரு மாதிரியா இருக்கு."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. வேகத்தில் வாயை விட்டார். "இருங்க மச்சான். நட்டது புடிக்கும். புடிக்கலைன்னா யாரும் சொல்ல வேண்டாம், நானே பின்னாடி போயிடுறேன். அந்த நாற்காலியைத் தாடியே வச்சுக்கட்டும். அதுவரைக்கும் அது என்னோடது."

கடையில் எல்லாரும் கேட்டார்கள். தாடி சீப்பை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். மாஸ்டர் சிவந்த தலையோடு தெருவைப் பார்த்து நின்றார். சிலர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவருடைய வாடிக்கையாளர்கள் வந்தார்கள்.

பொருக்கு உதிர்ந்தது. நட்ட முடி குட்டை குட்டையாக, முகச்சவரம் செய்யாத கன்னம் மாதிரித் தலையில் நின்றது. மாஸ்டர் கைக்கண்ணாடியைத் தூக்கும்போதெல்லாம் ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டார். முதல்முறையாக அது பார்க்கும்படி இருந்தது.

அப்புறம் ஒருநாள் காலையில் தலையைத் துவட்டிய துண்டில் முடி. கொஞ்சமல்ல. விரலால் தடவினால் விரலோடு வந்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியை மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். யாராவது "முடி கொட்டுது மாஸ்டர்" என்று வந்தால், சீப்பில் வந்த முடியை எடுத்துக் காட்டி அவர் சொல்கிற தீர்ப்பு அது. "வெள்ளைப் புள்ளி இருக்கா? அதான் வேர். வேரோட வந்துடுச்சு. அந்த இடத்துல இனிமே மொளைக்காது." இந்த வேலையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னது, அவர் பலருக்கும் சொன்னது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் அதைக் கேட்ட நாளிலிருந்துதான் தொப்பி போட ஆரம்பித்தார். வகுப்பிலும் தொப்பி. மாதம் ஒருமுறை வந்து தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அதைக் கழற்றுவார்.

துண்டிலிருந்த முடிகளை மாஸ்டர் ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடைக்குப் போனார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கத்தரிக்கோல், சீப்பு, கத்தி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நடந்தார். தாடி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிப்பை மறைக்கத்தான்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் காலை வைத்ததும் மனைவி பிடித்துக்கொண்டார்.

"எங்க அண்ணன் போன் பண்ணினான். நீங்களா பின்னாடி போனீங்களாம். 'நான் ஒண்ணும் சொல்லல, அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வராதே'ன்னு அழாத குறையா சொல்றான். என்ன ஆச்சு?"

மாஸ்டர் காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். "எல்லாம் போச்சு. வேரோட."

மனைவி குனிந்து பார்த்தார். பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பழைய நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார்.

"நான் வயிறெரிஞ்சு நிக்கிறேன். உனக்குச் சிரிப்பா?"

"இது விழும்னு அந்த சிஸ்டர் சொன்னாங்களே."

"எப்ப?"

"நீங்க வாசல்ல நின்னு 'போலாமா'ன்னு கத்திக்கிட்டிருந்தப்ப. நட்ட முடி முதல்ல கொட்டிடுமாம். வேர் உள்ளயே இருக்குமாம். சில மாசம் கழிச்சு அதுலேர்ந்துதான் புதுசு வரும்."

"இதுல வெள்ளைப் புள்ளி இருக்கே. இதான் வேர்."

"அது வேர் இல்லையாம். தானா உதிர்ற முடியில அது இருக்கத்தான் செய்யுமாம். அதையும் சொன்னாங்க. நீங்களும் தெரிஞ்சுதான் சும்மா இருக்கீங்கன்னு நெனைச்சேன்."

மாஸ்டர் நம்பவில்லை. நர்ஸுக்கே போன் போட்டார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் முடியைத்தான் பாக்குறேன்னு சொன்னவருங்களா?" அப்புறம் மனைவி சொன்னதையே நர்ஸும் சொன்னார். "ஆனா ஒண்ணுங்க, நட்டதுல அத்தனையும் வரும்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது" என்றும் சொன்னார்.

போனை வைத்தபின் மாஸ்டருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஒரு புள்ளியைக் காட்டி எத்தனை பேரைத் தூணுக்குப் பின்னால் அனுப்பியிருக்கிறோம் என்று முதலில் தன்மேலேயே கோபம். அதைவிடப் பெரிய கோபம் இன்னொன்று. வேர் இருக்கிறது என்று தெரிந்ததும் முதல் நாற்காலிக்குத் திரும்பலாம் என்று மனம் குதித்ததே, அதன்மேல். அப்படியென்றால் நாளைக்கு வேர் கைவிட்டால் மறுபடி பின்னால் போக வேண்டுமா? இத்தனை நாள் கோடு இழுத்தது கையா, தலைமயிரா?

மறுநாள் காலை கத்தரிக்கோல், சீப்பு, கத்தி எல்லாம் முன்னால் வந்தன. அதற்குள் அங்கே குடிவந்திருந்த தாடியின் சாமான்களை மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, இரண்டாம் நாற்காலிப் பலகையில் அழகாக அடுக்கினார். அவருடைய தலை அன்றைக்கு முன்னெப்போதையும் விட மோசமாக இருந்தது. பழைய சொட்டையின் பளபளப்பும் இல்லை, நட்ட முடியும் இல்லை. சிவப்புத் திட்டும் அங்கங்கே நாலு மயிரும்.

"மாஸ்டர், அன்னைக்கு நீங்களே சொன்னபடி..." என்று தாடி இழுத்தான்.

"சொன்னேன். சொன்னது தப்பு. திரும்ப வாங்கிக்கிறேன்."

முதலாளி கல்லாவை விட்டு வந்தார். "மாப்ளே, முடி எங்கே? எல்லாம் கொட்டிப்போச்சே."

"கொட்டும், வரும். வராமலும் போகலாம். முடியைப் பந்தயம் வச்சது என் புத்தி கெட்ட வேலை, மச்சான். இனிமே கையை வச்சுப் பேசுங்க. என் கோடு என்னைக்காவது கோணினா சொல்லுங்க, நான் பின்னாடி போறேன்."

"வர்றவன் பயப்படுவானேன்னுதான்..."

"பயப்படுறவன் தாடிகிட்ட போகட்டும்."

முதலாளி வாயைத் திறந்தார். தங்கையின் வேன் வாசலில் மெதுவாகப் போவதைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கணக்கு வாத்தியார் தொப்பியோடு உள்ளே வந்து, வழக்கம்போல் தூணை நோக்கி நடந்தார்.

"சார், அங்கே இல்ல. இங்கே உக்காருங்க" என்றார் மாஸ்டர்.

வாத்தியார் தெருவைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நிற்கிற அவருடைய மாணவர்கள் இரண்டு பேர் கண்ணாடிக்கு அப்பால் தெரிந்தார்கள். "வேண்டாம் மாஸ்டர், அங்கேயே..."

"ஒரு நிமிஷம் சார். ஒருநாள் உங்ககிட்ட வெள்ளைப் புள்ளின்னு ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? அன்னைக்குப் போட்டதுதானே இந்தத் தொப்பி."

"அது வேர் இல்ல சார். எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். இப்ப உங்களுக்கு முடி வரும்னும் நான் சொல்லப்போறதில்ல. அதுவும் எனக்குத் தெரியாது. டாக்டரைக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சது வெட்டறது ஒண்ணுதான். அதை இருட்டுல நின்னு செய்ய மாட்டேன்."

கடை முழுவதும் கேட்கும்படித்தான் சொன்னார். இரண்டாம் நாற்காலியில் தாடி தன் சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்து, யாரும் பார்க்காத மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாத்தியார் மாஸ்டரின் தலையையே பார்த்தார். "இதைவிடவா என் தலை மோசம்?" என்று மெல்லக் கேட்டார்.

"பக்கத்துல கூட வராது சார்."

வாத்தியார் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே மாணவர்களில் ஒருவன் இன்னொருவனை முழங்கையால் இடித்துக் காட்டினான். வாத்தியாரின் காது சிவந்தது.

"பாக்குறானுங்க, மாஸ்டர்."

"உங்களையா? என்னைப் பாக்குறானுங்க சார். அசையாம இருங்க."

மாஸ்டர் நேரம் எடுத்துக்கொண்டு வெட்டினார். நடுவில் குறைந்திருந்த முடியை மறைக்க முயலாமல் பக்கவாட்டை நன்றாகக் குறைத்தார். கிருதாவில் கத்தி வைத்தார், பிடரியில் வைத்தார். முடித்ததும் கைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார். எதிரே கண்ணாடிக்குள் கண்ணாடியாக, சிவப்புத் திட்டோடு அவருடைய தலை வரிசை கட்டி நின்றது. அவர் அதைக் கடைசிவரை பார்த்தார், கண்ணை எடுக்காமல்.

"கோடு எப்படி இருக்கு சார்?"

"நேரா இருக்கு."

"சத்தமா சொல்லுங்க. எங்க மச்சானுக்குக் காது கொஞ்சம் மந்தம்."