நான்காவது கட்டத்தில் போட்ட டிக்

அலாரம் பொருத்துகிறவருக்கு 'சங்கு' என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. அவர் வேலை செய்யும் கட்டடத்திலிருந்து எப்படியும் ஒருமுறை தெருவே காதைப் பொத்திக்கொள்ளும் சத்தம் வரும். மற்றபடி வாய் திறக்காத மனிதர். சுவரில் துளை போட்டால் உதிர்ந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் ஏணியை மடக்குவார்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு சோம்பேறித்தனம் இருந்தது. வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும் சோதனைத் தாளில் ஐந்து கட்டங்கள். ஐந்திலும் காலையில் காபி ஆறுவதற்குள் வீட்டிலேயே டிக் போட்டுவிடுவார். நான்காவது கட்டம், கரண்ட் இல்லாதபோதும், தீயணைப்புக்குத் தகவல் சொல்லும் கண்காணிப்பு நிலையத்துக்கு அழைப்பு போகிறதா என்பது. அழைப்பைக் கொண்டுபோன பழைய தொலைபேசிக் கம்பி வீட்டுக் கரண்டை நம்பி இருக்கவில்லை. அதனால் அந்த டிக் பல வருடம் பொய்யாகாமல் பிழைத்துக் கிடந்தது.

மெத்தைக் கடைக்காரர் இணையத் தொலைபேசிக்கு மாறியபோது, அலாரத்தைப் புது மோடத்தில் இணைத்துக் கொடுத்தார் சங்கு. அழைப்பு போனது. மெயினை அணைத்துப் பார்க்கவில்லை. அலாரத்துக்குள் பேட்டரி இருந்தது, மோடத்தில் இல்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள் மதியம் கடைக்குள் மின்கசிவில் தீப்பிடித்தது. முதலில் போனது கரண்ட். மணி அடித்தது, பூட்டிக் கிடந்த தெருவில் கேட்க ஆளில்லை. நிலையத்துக்கு ஒரு அழைப்பும் போகவில்லை. உள்ளே தனியாக உறை தைத்துக்கொண்டிருந்த பெண் கதவை எட்டுவதற்குள் புகையில் மயங்கி விழுந்தாள். உயிர் தங்கியது. தீயில் வெந்த இரண்டு கைகளும் இனி ஊசி பிடிக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அலாரம் நிறுவனத்தை நடத்துவது சங்கின் மச்சினன். காப்பீட்டு விசாரணைக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தான். டிக் இருக்கிறது, கீழே எல்லாம் சரி என்று கடைக்காரர் கையெழுத்து இருக்கிறது, பழியை அவர்மேல் தள்ளிவிடலாம் என்று விளக்கினான்.

"தாள் நம்ம பக்கம் மாமா. நீங்க பேசாம இருந்தாப் போதும். உங்களுக்கு அது என்ன புதுசா?"

சங்கின் மனைவி, அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது என்று தம்பியைக் கேட்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

மறுநாள் காப்பீட்டு அதிகாரி தாளை நீட்டினார். "இந்த நாலாவது டிக் நீங்க போட்டதுதானே?"

"நான்தான் சார். அங்க போறதுக்கு முன்னாடியே, வீட்ல உக்காந்து போட்டேன். சோதிக்கல."

மச்சினன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. சங்கின் உரிமம் ரத்தானது. மச்சினன் அக்கா வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினான். சங்கு பழைய தாள்களைப் புரட்டியபோது, இணையத் தொலைபேசியில் அவரே இணைத்தவை இன்னும் முப்பத்தொரு இடங்கள் என்று தெரிந்தது. ஒவ்வொரு இடமாகப் போய்ச் சொல்ல நடந்தே கிளம்பினார்.

ஏழாவது வீட்டில் ஒரு பெண் கதவைப் பாதி திறந்தாள். விஷயம் அவள் காதுக்கும் வந்திருந்தது. "லைசென்ஸ் இல்லாதவரை எப்படிங்க உள்ள விடறது?"

"நான் வரலம்மா. மெயினை அணைச்சிட்டு அலாரத்தை அடிக்க விடுங்க. நிலையத்துலேர்ந்து உடனே ஆள் பேசணும். பேசலைன்னா..."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மணி அடிக்கிறதா என்று சங்கு வாசலில் வெகுநேரம் நின்றார். அடிக்கவில்லை.