சட்டியில் பொங்கிய சீனாக்காரம்

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த மூன்று மாதத்தில் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: ஒரு படிகம் வளர்த்தேன். தெருமுனை மருந்துக்கடையில் சீனாக்காரம் என்கிற படிகாரத் தூள் வாங்கி, வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, அதில் விளைந்த மிளகளவு மணி ஒன்றை நூலில் கட்டிப் போத்தலுக்குள் தொங்கவிட்டேன். அசைக்கக் கூடாது, சூடு ஏறி இறங்கக் கூடாது. எனக்குப் பொறுமை பிறவியிலேயே இல்லை. ஆனால் என் அவசரம் படிகத்திடம் செல்லுபடியாகவில்லை.

எட்டு முகமும் கண்ணாடியாக, நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. நகர நூலகத்தின் படக் கண்காட்சிக்கு அதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். வெள்ளிக்கிழமை குசினி யன்னலோரம் கறுப்புக் கடதாசி, மேசைவிளக்கு எல்லாம் ஒழுங்குபடுத்திப் போத்தலையும் கொண்டுவந்து வைத்தேன். அன்று பின்னேரமே காய்ச்சல். தையல் போட்ட இடம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அக்கா அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போய், மாத்திரையோடு திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்தாள்.

மறுநாள் காலை அரைத் தூக்கத்தில், அவள் எதையோ என் தலையைச் சுற்றி மூன்று தரம் கொண்டுபோனது தெரிந்தது. குசினியில் சடசடவென்று சத்தம் கேட்டபோதுதான் விளங்கியது. எழுந்து போய்ப் பார்த்தால், கண்பட்ட நாவூறு கழிக்க என் படிகத்தைச் சட்டியில் போட்டு மின்னடுப்பில் ஏற்றியிருக்கிறாள். அது உருகி வெள்ளையாகப் பொங்கிக் கிடந்தது.

"அக்கா, என்ன வேலை பாத்தனீங்கள்! மூண்டு மாசம் வளத்தது!"

"நூலிலை தொங்கினது. நீயும் நாவூறுக்குத்தான் வச்சிருக்கிறாய் எண்டு நினைச்சன்."

"என்னிட்டை என்ன கிடக்கெண்டு சனம் கண் வைக்கப்போகுது?"

"ஏன், உனக்கென்ன குறை? பாக்க வந்ததுகள் எல்லாம் நல்லா இருக்கிறாய் எண்டு சொல்லிப்போட்டுப் போச்சுதுகள். அண்டைக்கே காய்ச்சல்."

வாயில் வந்தபடி திட்டினேன். அவள் ஆறிய கட்டியைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இனி ஒண்டும் செய்ய ஏலாதோ?" என்று கேட்டாள்.

ஆத்திரத்தோடுதான் கமெராவை எடுத்தேன். "கையை யன்னல் பக்கம் நீட்டுங்கோ. ஆட்டாதேங்கோ."

மூன்று படம் எடுத்தேன். மூன்றும் கலங்கிவிட்டன.

"ஏன் அக்கா நடுங்கிறியள்?"

"ராத்திரி முழுக்கக் காய்ச்சலிலை கிடந்தாய். நீ கண் முழிக்கிறவரைக்கும் எனக்கு உயிரில்லை," என்றாள்.

என் ஆத்திரம் அந்த இடத்திலேயே போய்விட்டது. கலங்கிய படத்தையே திங்கட்கிழமை அனுப்பினேன். நூலகம் எடுக்கவில்லை. சட்டம் போட்டுக் குசினியில் மாட்டியிருக்கிறேன். சீனாக்காரம் அதில் சரியாகத் தெரியாது, அவளுடைய விரல்கள்தான் தெரியும். எனக்காகப் பயந்த கை அது. அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.