காதில் விட்ட எண்ணெய்

தை மாசத்துப் பனி எங்கள் பிளாக்கில் இறங்கினால் எதிர் குவார்ட்டர்ஸின் வாசல் விளக்கு கூடத் தெரியாது. அந்தப் பனிக்குள்தான் என் மகன் ஓடுவான். ஆள் தெரியாது, ஷூ சத்தம் மட்டும் கேட்கும். வாசலில் குனிந்து கோலம் போடுகிற எனக்கு அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து தெருக்கோடியில் காணாமல் போவதும், வேறெங்கோ மரங்களுக்குள்ளிருந்து திரும்பி வருவதும் பாதித் தூக்கத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். உடம்புக்கு நல்லதுதானே, ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். எதற்குடா இப்படி ஓடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள்.

பெரும்புயல் வந்து இந்தப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்துப் போட்டதற்கு ரெண்டு வருஷம் கழித்து இது. மகன் பிளஸ் டூ முடித்துக் காலேஜில் சேர்ந்திருந்தான். ஒருநாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். ஏதோ கெட்ட சேதி சொல்ல வருகிறவர் மாதிரி ஒரு நிற்பு.

"மிலிட்டரி ஆபீசர் பரீட்சை எழுதினான். பாஸ் பண்ணிட்டான். பெங்களூர்ல இன்டர்வியூக்குக் கூப்ட்டுக்கிறாங்க."

"எவன்?" என்றேன். வீட்டில் இருப்பதே ஒரே ஒரு பிள்ளை. ஆனாலும் கேட்டேன்.

"நம்ம பையன்தான்."

"நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வுடுவியா?"

"வுட மாட்டேன்."

"அதான் கேக்கல" என்றார் மனுஷன். தோசை கருகிப் போனது. அதையே அவர் தட்டில் போட்டேன், சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

நான் ஏன் அப்படிக் குதித்தேன் என்றால், எனக்கு உலகம் எங்கள் டவுன்ஷிப் வாசலில் இருக்கிற ஆர்ச் கேட்டோடு முடிந்துவிட்டது. இவர் குடும்பம் குறிஞ்சிப்பாடிப் பக்கம். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது, மற்றவர்கள் கழனியில் நாற்று நட்டுக் கஞ்சி குடித்தவர்கள். நிலக்கரி மைன்ஸில் எத்தனையோ வருஷம் கான்ட்ராக்டில் கிடந்துவிட்டு, தலை நரைக்க ஆரம்பித்த பிறகுதான் இவர் பெர்மனென்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் சாவி கையில் வந்த அன்றைக்கு வெறும் தரையில் படுத்து மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயைத் திருகினால் தண்ணீர், பின்பக்கம் ஒரு கொய்யா மரம், சாலை ரெண்டு பக்கமும் பூவாய்க் கொட்டுகிற மரங்கள். இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்? மகனும் படித்துவிட்டு இங்கேயே ஒரு வேலை பார்த்து, பக்கத்து பிளாக்கில் இருந்தால் போதும். சோற்றைக் கேரியரில் போட்டால் ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிற தூரம். அவ்வளவுதான் என் ஆசை.

அவனோ வரைபடத்தில் புனா பக்கம் விரலை வைத்து, "இங்கதாம்மா அகாடமி, மூணு வருஷம்" என்றான். அந்த விரலுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் எவ்வளவு மலை, எவ்வளவு ஆறு!

இப்போது எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். இவருக்கு மைன்ஸில் பெல்ட்டில் வேலை. மண்ணும் நிலக்கரியும் மைல் கணக்கில் ஓடுகிற பெல்ட். அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று இவர் வீட்டில் ரகசியம் பேசினாலும் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். தூசியும் இரைச்சலும் காதைத் தின்றுவிடாமல் இருக்க இவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இரண்டு காதிலும் விட வேண்டும். பின்வாசல் படியில் ஒருக்களித்துப் படுப்பார், நான் விடுவேன். அடுத்தது மகன். கைக்குழந்தையிலிருந்து அவனுக்கும் இது உண்டு. பெல்ட்டில் இவரோடு வேலை பார்க்கிற அத்தனை பேர் வீட்டிலும் இதே கதைதான். மகன் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, "கடலுக்குள்ள இருக்கற மாதிரி இருக்கும்மா" என்பான் சின்ன வயதில்.

பெங்களூர் கிளம்புகிற அன்றைக்கு, கழுவிக் காயவைத்த இருமல் மருந்து பாட்டிலில் அந்த எண்ணெயை நிரப்பி அவன் பையில் வைத்தார் இவர்.

"அது குளுருற ஊரு. காதுல காத்து பூந்துடும். மெடிக்கலுக்கு முந்தின நாளு ரெண்டு காதுலயும் வுட்டுக்கினு படு. காலையில காது பளிச்சுனு கேக்கும்."

"சரிப்பா" என்றான். நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றேன்.

இன்டர்வியூவில் தேறிவிட்டான். போனில் மூச்சுவிடாமல் சொன்னான். "என்னோட வந்ததுல நெறைய பேர அனுப்பிட்டாங்கம்மா, என்னை எடுத்துட்டாங்க. மெடிக்கல் மட்டும்தான் பாக்கி." நான் சந்தோஷம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டியா என்றுதான் கேட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பையோடு வாசலில் வந்து நின்றான்.

"அன்ஃபிட் போட்டுட்டாங்கம்மா. காதுல எண்ணெயும் அழுக்கும் ஊறி அடைச்சிக்கிட்டு இருக்காம். உள்ள ஒண்ணுமே தெரியலையாம்."

அப்படியே நிரந்தரமாக இல்லை என்றும் சொல்லவில்லையாம். காதைச் சுத்தம் செய்துகொண்டு, சென்னையில் இருக்கிற ராணுவ ஆஸ்பத்திரியில் இன்னொரு தடவை காட்டலாமாம். அதில் தவறினால் அவ்வளவுதான்.

உள்ளதைச் சொல்கிறேன், அவன் சொன்ன அந்த நொடியில் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாய்விட்டே சொன்னேன். "போனா போவுது வுடு. கண்ணு முன்னாடி இரு." அவன் கோபப்படவில்லை. உள்ளே போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் விடிகாலையில் கோலம் போட உட்கார்ந்தேன். மாசி பிறந்தும் பனி விடவில்லை. தெரு முழுக்க வெள்ளையாய்க் கிடந்தது, அதில் சத்தமே இல்லை. எங்கோ ஒரு மயில் கூவியது, அப்புறம் அதுவும் நின்றது. கோல மாவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அப்படியே காது கொடுத்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது, பிள்ளை வீட்டில்தான் இருக்கிறான். ஆனால் வீட்டில் பிள்ளை இருக்கிற மாதிரியே இல்லை.

இவர் ஷிப்ட் முடிந்து வந்தால் உள்ளே வர மாட்டார். வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே நிற்பார். துடைத்த சைக்கிளையே மறுபடி துடைப்பார். "நான்தான் கெடுத்துட்டேன், நான்தான் கெடுத்துட்டேன்" என்று தனக்குள் பேசுவது அடுப்படி வரைக்கும் கேட்கும்.

ஒரு சாயங்காலம் மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அங்க டாக்டர் என்னடா கேட்டாரு?"

"காதுல எண்ணெய் ஊத்தச் சொன்னது யாருன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நானேதான் ஊத்திக்கிட்டேன்னு சொன்னேன்."

"அப்பாதான் சொன்னாருன்னு சொல்ல வேண்டியதுதானடா?"

"அப்பாவை எதுக்கும்மா அங்க இழுக்கணும்? நல்லதுன்னு நெனைச்சுதானே குடுத்தாரு." சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

இவ்வளவு பெரிய மனசை இந்த வீட்டுக்குள் பூட்டி வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும், அது என் பிறவிக் குணம். போர்வையைப் பிடித்து இழுத்தேன்.

"எந்திரிடா. எவ்ளோ நாளு செவுத்தையே பாத்துக்கினு கெடப்ப? நாளைக்கு ஆஸ்பத்திரி போறோம்."

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் காது டாக்டர் ஒரு அம்மாள். காதைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். சில நாள் சொட்டு மருந்து விட்டு, அப்புறம் தண்ணீர் பீய்ச்சி எடுத்தார். தட்டில் கறுப்பாய், புளியங்கொட்டை மாதிரி ரெண்டு கட்டி வந்து விழுந்தன.

"இனிமே இந்தக் காதுல எண்ணெய் விட்டா என்கிட்ட வராதீங்கம்மா" என்றார்.

"ஊத்தச் சொன்னவரு இதோ நிக்கறாரு, அவர கேளுங்க" என்றேன். இவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். மகன் எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தான்.

அதற்கப்புறம் வீட்டில் என் ராஜ்ஜியம்தான். எண்ணெய்க் குளியல் கிடையாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் காதில் பஞ்சு. இவருக்கு வந்த பயத்தைச் சொல்லி முடியாது. நான் குழம்பு தாளிக்கப் போனால் கூட, "அவன் பக்கத்துல இருக்கான், பாத்து ஊத்து" என்பார். "காதுலயா தாளிக்கப் போறேன்?" என்று கத்துவேன். விடிகாலையில் மகனைத் தட்டி எழுப்புவதும் நான்தான். "ஓட்றா, போ" என்று வாசல் வரைக்கும் விரட்டுவேன். பனி மெலிந்துபோய் மரங்கள் லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தன. ஷூ சத்தம் மறுபடி தெருக்கோடியில் போய்த் தேயும். என் கையாலேயே என் பிள்ளையை அனுப்புகிறேனே, எனக்கென்ன பைத்தியமா என்று கோலத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்வேன்.

பங்குனியில் மூன்று பேரும் சென்னைக்குப் போனோம். ஆஸ்பத்திரி கேட்டுக்கு உள்ளே அவனை மட்டும்தான் விட்டார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தோம். கட்டிக்கொண்டு போன எலுமிச்சம்பழச் சோற்றை இவர் பிரிக்கவே இல்லை. வெயில் இலைக்குள் புகுந்து எங்கள் மடியில் ஆடிக்கொண்டிருந்தது. சாலையில் வண்டிகள் போவது தூரத்தில் எங்கோ நடக்கிற மாதிரி இருந்தது.

"அன்ஃபிட்டுனு வந்தா இன்னாடி பண்றது?"

"வூட்டுக்குக் கூட்டிக்கினு போவோம்."

"ஃபிட்டுனு வந்தா?"

"சும்மா இருங்க" என்றேன்.

அவன் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தான். நாங்கள் எழுந்து நின்றோம். என்னைப் பார்க்காமல் நேரே அவரிடம் போய்த் தோளில் கை வைத்தான். "ஃபிட்டுப்பா" என்றான். அவ்வளவுதான், இவர் நடைபாதையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். கேட் காவலாளி எட்டிப் பார்த்தார். "ஊரே பாக்குது, எந்திரிங்க" என்று அதட்டினேன். என் முந்தானையும் நனைந்துதான் இருந்தது. இனி தேர்வானவர்கள் பட்டியலில் பேர் வர வேண்டும், அவன் மார்க்குக்குக் கட்டாயம் வந்துவிடும் என்று அன்றைக்கு மெடிக்கலுக்கு வந்திருந்த மற்றப் பையன்கள் சொன்னார்கள். பிறகு வரவும் செய்தது.

திரும்பும்போது கும்பகோணம் போகிற பஸ் கிடைத்தது. எனக்கு ஜன்னல் ஓரம், நடுவில் அவன், அந்தப் பக்கம் இவர். விழுப்புரம் தாண்டும்போதே அவன் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. பண்ருட்டியில் பலாப்பழ வாசனை பஸ்ஸுக்குள் ஏறி எங்களோடு உட்கார்ந்துகொண்டது. அப்புறம் முந்திரிக் காடு, செம்மண், பொழுது சாய்கிற வெளிச்சம். தூரத்தில் தெர்மல் மின்நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன, புகை மேலே ஏறாமல் அப்படியே நின்றது.

"ஆர்ச் கேட்டு! ஆர்ச் கேட்டு எறங்கறவங்கல்லாம் முன்ன வாங்க!"

இவர் எழுந்து பையை எடுத்தார். "எழுப்பு" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. எச்சில் ஒழுகி என் ஜாக்கெட் தோள் நனைந்திருந்தது. கை என் மடியில் விரிந்து கிடந்தது. மீசை முளைத்த பிறகு அவன் என் மேல் சாய்ந்து தூங்கியதே இல்லை. இனிமேல் எங்கே? அங்கே போனால் தூங்குவதற்குக் கூட உத்தரவு வேண்டுமாம்.

"எழுப்புடி, வண்டி நிக்குது பாரு."

"முடியாது."

"ஏய்!"

"முடியாதுங்க" என்றேன்.

கண்டக்டர் வந்துவிட்டார். "இன்னாம்மா, எறங்கறீங்களா இல்லியா?"

"இல்லீங்க. வடலூருக்கு மூணு டிக்கெட் குடுங்க. சத்தம் போடாதீங்க, புள்ள தூங்குது."

கண்டக்டர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்தார். இவர் கொஞ்ச நேரம் பையோடு நின்றார். அப்புறம் சத்தம் வராமல் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, நழுவிக்கொண்டிருந்த மகனின் முதுகுக்குத் தன் கையை அணை கொடுத்தார்.

விசில் அடித்தது. எங்கள் ஊர் வளைவும் விளக்குகளும் ஜன்னலில் பின்னால் போயின. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், தோள் மரத்துப் போயிருந்தது. ஆர்ச் கேட்டிலிருந்து வடலூர் கிட்டத்தான், அடுத்த ஊர். இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு அவ்வளவு ஆசைப்பட்டேன்.