இருபத்தேழாம் நம்பர் பெட்டி

என் சித்தப்பாவை ஓரிடத்தில் உட்கார வைக்க யாராலும் முடியாது. சாப்பிடும்போதுகூட பாதியில் எழுந்து போய் ஏதாவது ஒரு வயரைப் பார்த்துவிட்டு வருவார். குற்றாலத்து லாட்ஜுகளுக்கும் ஐந்தருவிக் கடைகளுக்கும் கேமரா மாட்டுவது அவர் தொழில். மிஞ்சிய கேபிளெல்லாம் தென்காசியில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்து சேரும். டிசம்பர் பிறந்தால் அது கிறிஸ்துமஸ் விளக்காகத் தெருவில் இறங்கும்.

முதல் வருஷம் எங்கள் வீட்டு முகப்பில் மட்டும், விளக்குகளை இயக்கும் ஒரு கன்ட்ரோலர் பெட்டி. கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டால் விளக்குகள் தாளத்துக்கு ஆடின. மறு வருஷம் பக்கத்து வீடு, அப்புறம் அதற்கடுத்த வீடு என்று பெட்டிகள் பெருகின. ஆனால் கேபிள் எப்போதும் கிழக்கே மட்டும்தான் நீண்டது. மேற்கு வீட்டு அண்ணாச்சி, "எங்க வீட்டுக்கும் ஒண்ணு மாட்டிவிடேன்டே" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்.

கிழக்கே தெருமுனையில் டீச்சரக்கா வீடு இருந்தது. சித்தப்பாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள ஆசை. தெருவுக்கே தெரிந்த இந்தச் சங்கதி எனக்குத் தெரியாது. அவள் மனசில் என்ன என்பது சித்தப்பாவுக்குத் தெரியாது. எந்தச் சுவரிலும் ஏறுகிற மனிதருக்கு அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு கூட்டிச் சேர்த்துக்கொண்டது.

கேபிள் அவள் வீட்டை எட்டிய வருஷம்தான் சிவகிரியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் அவள் வீட்டார் முடிவு சொல்லவேண்டும். சித்தப்பா இருப்புக் கொள்ளாமல் அலைந்தார். ஏணியில் ஏறுவார், எதற்கு ஏறினோம் என்று மறந்து இறங்குவார். நானும் காரணம் தெரியாமல் அவர் பின்னாலேயே அலைந்தேன்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் வேண்டும். கம்ப்யூட்டர் அந்த நம்பரைக் கூப்பிட்டால் அந்தப் பெட்டி மட்டும் ஆடும். இரண்டு பெட்டிக்கு ஒரே நம்பர் வைத்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே ஆடும். அதனால் வைக்கக் கூடாது. குழப்பம் வராமலிருக்க சித்தப்பா அந்தந்த வீட்டுக் கதவு எண்ணையே பெட்டிக்கு வைத்தார். எங்கள் தெருவில் அதுவே பெரிய குழப்பம். நகராட்சி எண்களை மாற்றியதிலிருந்து எல்லா வாசலிலும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. எங்கள் புதிய எண் இருபத்தேழு; எங்கள் பெட்டிக்கும் அதுவே. டீச்சரக்கா வீட்டுப் பழைய எண்ணும் இருபத்தேழு. கூரியர்காரர்கள் எங்கள் பார்சலை அங்கே போட்டுவிட்டுப் போவார்கள். அவள் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து தருவாள். சித்தப்பாவுக்கு வினை ஆரம்பித்ததே அப்படித்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏணி மேலிருந்து கத்தினார். "ஏட்டி, டீச்சர் வீட்டுக்குப் போயி, பெட்டிக்கு என்ன நம்பர் போடணும்னு கேட்டுட்டு வா."

வாசலில்தான் எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டால் ஆகாதா? தூறலில் ஓடினேன். டீச்சரக்கா அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருபத்தேழு போடச் சொல்லு" என்றாள்.

நான் வந்து சொன்னதும் சித்தப்பா ஏணியில் அப்படியே நின்றார்.

"என்னட்டி சொல்லுத? நல்லாக் கேட்டியா? அது பழைய நம்பருல்லா. புது நம்பர் ஒன்பதுதானன்னு கேளு, போ."

எனக்கு எரிச்சலான எரிச்சல். மறுபடியும் ஓடி, "ஒன்பதுதானன்னு சித்தப்பா கேக்காவ" என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். அடுத்த அறையில் அவள் அம்மா இருந்ததாலோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒன்பதுன்னு எனக்குத் தெரியாதா? உங்க வீட்டு நம்பர் என்னன்னும் தெரியும்னு சொல்லு. இருபத்தேழே போடச் சொல்லு."

சொல்லிவிட்டு என் கையில் ஒரு அச்சுமுறுக்கைத் திணித்தாள். அதைக் கடித்துக்கொண்டே வந்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். சித்தப்பா ஏணியிலிருந்து இறங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். தூறல் தண்ணீர் என்று நினைத்தேன்.

இருட்டியதும் தெரு கூடியது. பாட்டு தொடங்கிற்று. எங்கள் வீடு சிவந்தால் தெருமுனை வீடும் சிவந்தது. எங்கள் வீடு பச்சையானால் அதுவும் பச்சையானது. இடையிலிருந்த வீடுகளெல்லாம் தம் போக்கில் ஆடின.

"ஏலே, உன் கம்ப்யூட்டருக்குக் கிறுக்கு புடிச்சிட்டா? நம்ம வீடும் டீச்சர் வீடும் ஒண்ணுபோலல்லா எரியுது! மாத்துலே" என்றார் அப்பா.

"சரியாத்தாண்ணே எரியுது."

அம்மா அப்பாவின் கையைக் கிள்ளினாள். மேற்கு வீட்டு அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மழையில் அலைந்து நம்பர் கொண்டுவந்தவள் நான் அல்லவா!

"தப்பு எம்மேல இல்ல! டீச்சரக்காதான் பழைய நம்பரையே போடச் சொன்னாவ!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

எல்லாரும் திரும்பி, தன் வீட்டு வாசலில் நின்ற டீச்சரக்காவைப் பார்த்தார்கள். அவள் சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் அப்பா விளக்கைப் பார்த்தார், மகள் போன வாசலைப் பார்த்தார், மறுபடியும் விளக்கைப் பார்த்தார். சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், சொந்த வீட்டு நம்பரில் கோட்டைவிட்டு இப்படி எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்டாளே, பாவம் என்று அவளுக்காக மிகவும் வருத்தப்பட்டேன்.